துயர் பகிரும் தோழமை
(சிறுவர் தம்ம வகுப்பிற்கும் பெற்றோர்க்கும் உரிய பாடம்)



ஞாயிறுதோறும் நம் குழந்தைகள் திரிசரணமும் பஞ்சசீலமும் பிழையின்றி ஓதுவதைக் கேட்டு மகிழ்கின்றோம். ஓதி முடித்த பின்னர் அவர்கள் படிக்கட்டில் அமர்ந்து தமக்குள் பேசிக்கொள்வதை நாம் கேட்பதில்லை; கேட்க வேண்டுவதும் இல்லை. ஆயினும் அப்படிக்கட்டுப் பேச்சும் தம்மத்தின் ஒரு பகுதியே. தம் துயரை ஒரு குழந்தை மற்றொரு குழந்தைக்குக் கூறுதலும், கேட்ட குழந்தை அதனைப் பேணிக் காத்தலும் பகவன் புத்தர் போற்றிய நட்பின் இலக்கணமாகும். அவ்விலக்கணத்தையும், அதன்பாற் பெரியோர் ஆற்ற வேண்டிய கடமையையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. பகவன் உரைத்த நட்பு

நல்ல நண்பரைப் பெறுதல் தூய வாழ்வின் சரிபாதியாகும் என்று ஆனந்தர் ஒருகால் பகவனிடம் கூறினார். பகவன் அதனை மறுத்தார். பாதியன்று, தூய வாழ்வு முழுவதுமே நல்ல நட்புத்தான் என்று திருத்தியருளினார். கல்யாண மித்திரர் என்று பாலி நூல்கள் கூறுவது இத்தகைய நண்பரையே. துறவறம் பூண்ட பிக்குகளுக்கே நட்பு இத்துணை இன்றியமையாததாயின், பத்து வயதுக் குழந்தைக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நட்பின் அடையாளங்கள் யாவை? இதனைத் தீக நிகாயத்துச் சிகாலோவாத சூத்திரத்திற் காணலாம். இராசகிருக நகரத்து இளைஞன் சிகாலன், தந்தை சொற்படி, நனைந்த ஆடையும் நனைந்த கூந்தலுமாக நின்று ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். திசைகளென்பன பெற்றோர், ஆசிரியர், மனைவி மக்கள், நண்பர், பணியாளர், சமணர் ஆகியோரே என்று பகவன் அவனுக்கு விளக்கினார். அவற்றுள் வடதிசை நண்பர்க்கு உரியது. இன்பத்திலும் துன்பத்திலும் ஒரு தன்மையனாய் நிற்கும் நண்பனுக்கு அவர் நான்கு அடையாளங்களை வகுத்தார். தன் மறைபொருளை நண்பனுக்கு உரைத்தல் முதலாவது. நண்பனுடைய மறைபொருளைக் காத்தல் இரண்டாவது. இடுக்கண் வந்தவிடத்துக் கைவிடாமை மூன்றாவது. அவன்பொருட்டு உயிரையும் அளிக்க முன்வருதல் நான்காவது.

இந்த வரிசையைக் கூர்ந்து நோக்குக. உயிரைக் கொடுத்தல் கடைசியில் நிற்கின்றது. மனத்தைத் திறத்தல் முதலில் நிற்கின்றது. பிறனுடைய துயரைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத் தன் துயரை மூடி வைப்பவனைப் பகவன் இங்கே நண்பனென்று கூறவில்லை. முதலில் தன் நெஞ்சைத் திறந்து காட்டுபவனே பிறன் நெஞ்சுக்குக் காவலன் ஆகின்றான்.

2. சிறுவர்க்கும் துக்கம் உண்டு

துக்கம் என்னும் முதல் வாய்மையைப் பெரியோர்க்கு மட்டும் உரியதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். வேலையில்லாமை, கடன், நோய் என்பனவே துக்கமென்றும், குழந்தைகள் விளையாடித் திரிபவர்களென்றும் கருதுகின்றோம். இது பிழை.

பெங்களூரில் வாழும் நம் தமிழ்க் குழந்தை ஒன்றின் நாளைச் சிந்தியுங்கள். வீட்டில் தமிழ், தெருவிற் கன்னடம், பாடநூலில் ஆங்கிலம். மூன்றிடத்தும் அக்குழந்தை சற்றே அயலானாக நிற்கின்றது. நெற்றி வெறுமையாய் இருப்பது ஏன், உங்கள் வீட்டுச் சாமி எது என்று உடன் பயில்வோர் வினாவுகின்றனர். புத்தர் சாமி இல்லை என்று நாம் கற்பித்ததை அது சொல்லுமாயின் சிரிக்கின்றனர். தோழன் வீட்டில் தனக்கு மட்டும் வேறு குவளையில் நீர் வந்ததை அது கண்டுகொள்கின்றது. இவற்றுக்கு மேலாக வீட்டுத் துன்பங்களும் உண்டு: தந்தையின் குடி, தாயின் கண்ணீர், வாடகை தரவியலாமல் வீடு மாறுதல், தேர்விற் பெற்ற மதிப்பெண்ணைக் காட்ட அஞ்சுதல்.

இவற்றைக் குழந்தை நம்மிடம் ஏன் கூறுவதில்லை? பெரும்பாலும் அச்சத்தினால் மட்டும் அன்று. இரக்கத்தினாலும் அது மறைக்கின்றது. சொன்னால் அம்மா அழுவாள், அப்பா பள்ளிக்குச் சென்று சண்டையிடுவார், அதன்பின் என் நிலை இன்னும் கடினமாகும் என்று அச்சிறு நெஞ்சு கணக்கிடுகின்றது. நம்மைக் காப்பாற்றும் பொருட்டே அது வாய்மூடி இருக்கின்றது. ஆதலின், தன்னைப்போல் ஒத்த வயதினரிடம் அது வாய் திறக்குமாயின், அதனை நமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கொள்ளாது நற்பேறாகக் கொள்ளல் வேண்டும்.

3. கேட்பாரற்ற ஒரு சிறுவன்

நம் முன்னோர் போற்றிய மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் வரலாற்றை அறிவீர்கள். பெற்ற தாயால் கைவிடப்பட்டு, ஏழு நாள் ஒரு பசுவின் பாலால் உயிர் பிழைத்தவன் அவன். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவின் துயர் பொறாது அதனை அவிழ்த்துச் சென்றான். அதன் விளைவாக அவனுடைய பிறப்பைச் சுட்டி ஊரார் இழித்துரைத்தனர். வளர்த்த தந்தையும் விலக்கினான். பிச்சைப் பாத்திரத்திற் சோற்றுக்கு மாறாகக் கல் விழுந்தது. பின்னர் அவன் மதுரையை அடைந்து, ஏற்ற உணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், பிணியாளர் ஆகியோர்க்கு முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டான்.

அவன் கொடையை நாம் பலகாற் பேசியிருக்கின்றோம். இன்று வேறொன்றைக் காண்க. இழித்துரைக்கப்பட்ட அன்று, அக்கிராமத்திலே அவன் வயதுச் சிறுவன் ஒருவன்கூட அவனருகே வந்து அமர்ந்ததாகக் காப்பியம் கூறவில்லை. பசுவின் துயரை அவன் அறிந்தான். அவன் துயரை அறிவார் அங்கு இல்லை. மதுரையில் ஆதரவற்றோர் நடுவே அமர்ந்த போதுதான் அவனுக்குச் சுற்றம் கிடைத்தது. துன்புற்றோர் துன்புற்றோரை அறிவர் என்பதே இதன் பொருள்.

4. பாபாசாகேப் மறைக்காமற் கூறியது

போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கர் தம் இளமைத் துன்பங்களைத் தாமே எழுதி வைத்துள்ளார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் தலைப்பில் அது இன்று நமக்குக் கிடைக்கின்றது. 1901ஆம் ஆண்டு, அவர் ஏறக்குறையப் பத்து வயதினராய் இருந்த காலம். தந்தையார் வேலை பார்த்த ஊருக்கு, தமையனாரோடும் தமக்கையின் மைந்தரோடும், சிறுவர்கள் தனியே புறப்பட்டனர். மசூர் என்னும் புகைவண்டி நிலையத்தில் இறங்கி, அழைத்துப்போக எவரும் வாராமையாற் காத்திருந்தனர். நல்லாடை உடுத்த பிள்ளைகளைக் கண்டு அன்பாகப் பேசிய நிலைய அலுவலர், அவர்கள் மகார் குலத்தினர் என்று அறிந்தவுடன் முகம் மாறினார். வண்டிக்காரர் ஒருவரும் இசையவில்லை. இருமடங்கு கூலி பெற்றுக்கொண்டு, சிறுவர்களே மாடுகளை ஓட்ட வேண்டும், தான் உடன் நடந்து வருவேன் என்ற உடன்பாட்டின்மேல் ஒருவன் வண்டியைக் கொடுத்தான். கையில் உணவு இருந்தது. குடிக்க நீர் கிடைக்கவில்லை. உண்ணாமலும் பருகாமலும் இரவில் அச்சிறுவர்கள் வண்டிப் பலகையின்மேல் ஒடுங்கிப் படுத்தனர்.

பள்ளியில் அவர் தனியே ஒரு கோணித்துணியின்மேல் அமர்ந்ததும், குழாயைத் திறந்துவிடப் பள்ளி ஏவலாள் இல்லாத நாளில் நீரின்றி இருந்ததும், முடிதிருத்துவோர் மறுத்தமையால் அவருடைய தமக்கையாரே அவருக்கு முடி வெட்டியதும் அவர் வரைந்தவையே.

இவற்றிலிருந்து குழந்தைகள் கற்க வேண்டுவன இரண்டு. முதலாவது, அவ்விரவில் அவர் தனித்திருக்கவில்லை. நீர் இல்லை, ஆனால் உடன் தாகித்திருந்தோர் இருந்தனர். தமக்கையின் கத்தரிக்கோல் உலகத்தின் இழிவை நீக்கிவிடவில்லை. எனினும் அவ்விழிவை அவர் ஒருவரே சுமக்கும்படி விடவும் இல்லை. இரண்டாவது, பேரறிஞராய், சட்ட வல்லுநராய் உயர்ந்த பின்னரும் இவற்றைக் கூற அவர் நாணவில்லை. நாண வேண்டியவர் நீர் மறுத்தவரேயன்றித் தாகித்தவர் அல்லர். அவர் கூறியமையால் அன்றோ, எனக்கும் இவ்வாறு நேர்ந்தது என்று இந்நாட்டிலே எண்ணற்ற பிள்ளைகள் தலை நிமிர்ந்தனர்?

5. என் பிழை

பிறர்க்குப் பாடம் கூறுபவன் தன் பிழையையும் கூறுதல் முறை. சில ஆண்டுகட்கு முன் நடந்ததை இங்கே எழுதுகின்றேன். இதில் வரும் பிள்ளை இன்று வளர்ந்து கல்லூரியிற் பயில்கின்றான். அவனுடைய இசைவைப் பெற்றே எழுதுகின்றேன், பெயர் குறிக்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்து கூடத்தைப் பூட்ட வந்தபோது, படிக்கட்டில் இரு சிறுவர் பேசுவது என் செவியில் விழுந்தது. பள்ளியில் உதவித்தொகை பெறுவோர் பட்டியலை வகுப்பிலேயே உரக்க வாசித்து, பெயர் வந்தவர்களை எழுந்து நிற்கச் செய்தனராம். அன்று முதல் உடன் பயில்வோர் சிலர் தன்னோடு அமர்ந்து உண்பதில்லை என்றான் ஒருவன். மற்றவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், “என் பெயரையும் போன வருடம் வாசித்தார்கள். நானும் நின்றேன்” என்றான். அவ்வளவே. அறிவுரை இல்லை, ஆறுதல் மொழி இல்லை. ஆயினும் முதற் சிறுவனின் குரல் அதன்பின் தெளிந்தது.

அதனைக் கேட்டு நான் உள்ளம் நெகிழ்ந்தேன். நெகிழ்ந்தவன் வாளா இருந்திருக்கலாம். அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் நட்பைப் பற்றிப் பேசுகையில், அதனையே எடுத்துக்காட்டாக்கி, அச்சிறுவனைச் சுட்டியும் காட்டிவிட்டேன். அவன் பெற்றோர் அங்கே அமர்ந்திருந்தனர். அவர்கள் அறியாதிருந்த செய்தி அது. சபை கைதட்டிற்று. சிறுவன் தலை கவிழ்ந்தான்.

அவன் அதன்பின் வகுப்பிற்கு வரவில்லை. மூன்றாம் வாரம் நான் அவன் வீட்டிற்குச் சென்றேன். உன்னைப் புகழ்ந்துதானே பேசினேன், தம்பி, என்றேன். அவன் என்னை நிமிர்ந்து நோக்கி, “ஐயா, நான் அதை உங்களுக்குச் சொல்லவில்லையே” என்றான்.

இருபதாண்டு நூலாலையிலும், பின்னர்த் தம்மப் பணியிலும் எத்தனையோ கடுஞ்சொற் கேட்டவன் நான். இவ்வொரு மென்சொல்லைப்போல் எதுவும் என்னைத் தைத்ததில்லை. நான் உரைத்தது பொய்யன்று. ஆனால் மெய்யாயிருத்தல் மட்டும் நல்வாய்மொழி ஆகாது. மெய்யாய், பயன் தருவதாய், காலம் அறிந்ததாய் உள்ள சொல்லையே ததாகதர் கூறுவார் என்று அபயராசகுமார சூத்திரம் உரைக்கின்றது. அச்சொல்லைக் கூறும் உரிமையும் எனக்கில்லை, காலமும் அதுவன்று. அவனிடம் அவன் பெற்றோர் முன்னிலையில் மன்னிப்பு வேண்டினேன்.

ஏழு வாரம் கழித்து அவன் மீண்டும் வந்தான். அவனை மீட்டது என் மன்னிப்பன்று. அவன் தோழன் அந்த ஏழு ஞாயிறும் வகுப்பிற்கு வாராமல் அவன் வீட்டிற்குச் சென்று உடன் இருந்திருக்கின்றான். வகுப்பிற்கு வா என்று ஒருமுறைகூட அழைக்கவில்லையாம். வருகைப் பதிவேட்டில் அத்தோழனுக்கும் ஏழு சுழிகள் இட்டு, ஒழுங்கில்லாதவன் என்று நான் மனத்திற் குறித்திருந்தேன். இடுக்கணிற் கைவிடாமை என்னும் மூன்றாம் அடையாளத்தை நான் பலகையில் எழுதிக் கற்பித்தேன். அவன் அதனைச் செய்து காட்டினான்.

உதவித்தொகையைப் பற்றி ஒரு சொல். பௌத்தம் தழுவிய பட்டியல் சாதியினர்க்கும் அவ்வுரிமை உண்டு என்று 1990ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அது பிச்சையன்று, உரிமை. இதனைக் குழந்தைகளுக்குத் தெளிவாகக் கூறுக. பெயர்ப்பட்டியலை வகுப்பில் உரக்க வாசித்தல் வேண்டாவென்று பெற்றோர் கூடிப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பணிவோடும் உறுதியோடும் கேட்டுக்கொள்ளலாம்.

6. பெரியோர் ஒழுக வேண்டிய முறை

அங்ஙனமாயின் பெரியோர்க்கு இங்கே வேலையே இல்லையோ? உண்டு. மேகியர் வரலாற்றைக் காண்க. பகவனுக்குப் பணிவிடை செய்துவந்த மேகியர், அழகிய மாந்தோப்பு ஒன்றைக் கண்டு, தனியே தியானிக்க விரும்பினார். சற்றுப் பொறு என்று பகவன் தடுத்தும் மும்முறை வேண்டிச் சென்றார். அங்கே காம எண்ணமும், பகை எண்ணமும், பிறர்க்குத் தீங்கிழைக்கும் எண்ணமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. அவர் திரும்பிவந்து நடந்ததை ஒளியாமற் கூறினார். நான் முன்பே சொன்னேனே என்று பகவன் அவரைக் கடியவில்லை. மனம் முதிர்ச்சி பெறுதற்குத் துணையாவன ஐந்து என்று தொடங்கி, அவற்றுள் முதலாவதாக நல்ல நட்பையே எடுத்துரைத்தார்.

நம் பிள்ளைகள் துயரைக் கூறும்போது, முன்பே சொன்னேனே என்பதுதான் நம் நாவில் முதலில் எழுகின்றது. அதனை அடக்குதலே பெரியோரின் முதற் சீலம் எனலாம்.

பஞ்சின் தனி நாரொன்றைப் பிடித்து இழுத்தால் எளிதில் அறும். நார்கள் பல ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுமாறு முறுக்கேற்றினால் நூலாகும். ஆனால் முறுக்கு அளவுக்கு மிஞ்சினால் நூல் சுருண்டு சிக்குண்டு அறுந்துபோகும். குழந்தைகளின் தோழமையும் அத்தகையது. நாம் முறுக்க முறுக்க அது வலுப்பெறும் என்று எண்ணுதல் தவறு. ஆதலின் நம் வகுப்பில் இப்போது பின்வரும் முறையைக் கைக்கொள்கின்றோம்.

வந்தனையும் பாடமும் முடிந்தபின் அரைமணி நேரம் குழந்தைகளுக்கே விடப்படுகின்றது. மூவராகவோ நால்வராகவோ, தாம் விரும்பியவாறு அமர்வர். பேச விரும்பாத குழந்தை பேசாதிருக்கலாம். எவரையும் எழுந்து நின்று கூறச் சொல்வதில்லை. ஒருவர் கூறும்போது மற்றவர் இடைமறித்தலும் நகைத்தலும் இல்லை. கேட்டது அவ்வட்டத்தைக் கடவாது. ஆசிரியர் கண்ணுக்கு எட்டும் தொலைவிலும் காதுக்கு எட்டாத தொலைவிலும் அமர்ந்திருப்பார். அழைத்தால் வருவார்.

இதனால் விளைந்த பயன் யாதெனிற் பெரிய அற்புதம் எதுவும் இல்லை. துன்பங்கள் நீங்கிவிடவும் இல்லை. ஆனால் கணக்குப் பாடத்திற்கு அஞ்சியவளுக்கு மற்றொருத்தி மாலைதோறும் சொல்லித் தருகின்றாள். தந்தை குடித்துவரும் இரவில் ஒருவன் எந்த வீட்டிற்குச் சென்று படுக்கலாம் என்பதை அறிவான். புதிதாக வந்த குழந்தை இரண்டாம் வாரத்திலேயே பெயர் சொல்லி அழைக்கப்படுகின்றது.

7. காக்கத்தகாத மறைபொருள்

இங்கே ஓர் எச்சரிக்கை. நண்பன் மறைபொருளைக் காத்தல் அறமெனினும், காக்கத்தகாத மறைபொருளும் உண்டு. அபயராசகுமாரனின் மடியில் ஒரு சிறு குழந்தை இருந்தது. அக்குழந்தை குச்சியையோ கல்லையோ வாயிற் போட்டுக்கொண்டால் என் செய்வாய் என்று பகவன் அவனை வினவினார். குருதி வந்தாலும் விரல்விட்டு எடுத்துவிடுவேன், ஏனெனில் அக்குழந்தையின்பால் எனக்கு இரக்கம் உண்டு, என்றான் அவன்.

ஒரு குழந்தையை எவரேனும் அடித்து வதைத்தாலும், தகாத முறையில் தொட்டாலும், அச்சுறுத்தினாலும், அல்லது அக்குழந்தையே உயிரை வெறுத்துப் பேசினாலும், அது தொண்டையிற் சிக்கிய கல்லாகும். அதனை மறைத்து வைத்தல் நட்பன்று. அப்போது தோழர்கள் தாம் நம்பும் ஒரு பெரியவரிடம் உடனே கூறல் வேண்டும். கூறப்போவதை அந்த நண்பனிடமும் சொல்லிவிட்டு, இயன்றால் அவன் கையைப் பற்றி அழைத்தே செல்ல வேண்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு நாட்டின் எப்பகுதியிலிருந்தும் கட்டணமின்றிப் பேசலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு பிள்ளைக்கும் பஞ்சசீலத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்வியுங்கள். பெற்றோர்களே, அவ்வாறு உங்களிடம் வரும் குழந்தையை முதலில் நம்புங்கள். வினாக்களைப் பின்னர்க் கேளுங்கள்.

8. முடிவுரை

பிணியுற்றுக் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு பிக்குவைப் பகவன் தம் கையாலேயே நீராட்டினார். பின்னர்ப் பிக்குகளை அழைத்து, பெற்றோரை விட்டு வந்த நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடின் வேறு யார் பேணுவார் என்னும் கருத்துப்பட வினவினார். பழைய வழிகளை விட்டுத் தம்மத்தை ஏற்ற நமக்கும் அவ்வினா உரியது. நம் குழந்தைகள் அதற்கு விடை கூறத் தொடங்கிவிட்டனர். அவ்விடைக்கு இடம் கொடுப்போம், அதனைக் காப்போம்.

வகுப்பில் வினாவுதற்கு உரியவை

1. துன்பத்திலும் மாறாத நண்பனுக்குப் பகவன் கூறிய நான்கு அடையாளங்கள் யாவை? அவற்றுள் எது உனக்கு மிகக் கடினமாகத் தோன்றுகின்றது?
2. மேகியர் திரும்பி வந்தபோது பகவன் எவ்வாறு நடந்துகொண்டார்?
3. படிக்கட்டில் இரண்டாம் சிறுவன் கூறியது ஒரே ஒரு செய்தி. அது தோழனுக்கு ஏன் ஆறுதல் தந்தது?
4. காக்க வேண்டிய மறைபொருள் எது, உடனே கூற வேண்டியது எது? எவ்வாறு பகுத்தறிவாய்?
5. உன் வகுப்பில் எவரோடும் சேராமல் அமர்ந்திருப்பவர் யார்? இதற்கு விடை எழுத வேண்டா. நாளை அவரருகே சென்று அமர்க.

எல்லா உயிர்களும் நலமுற்று வாழ்க.

சாது! சாது! சாது!